மலைப்பாதையில் நின்ற கார்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவைக் கடந்து, அடிவாரத்தை அடைந்ததும் மலை தொடங்கிவிடுகிறது. பிறகு ஒன்றன் மேல் ஒன்றாக 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பயணத்தில் நாம் 1,200 மீட்டருக்கும் மேல் ஏறிவிடுகிறோம். காப்பித் தோட்டங்களும் மிளகுக் கொடிகளும் சூழ்ந்த செம்மநத்தம் போன்ற உட்கிராமங்களுக்குச் செல்ல வேண்டுமானால், ஏற்காட்டை அடைந்த பின்னும் வளைந்தும் ஏறியும் இறங்கியும் போக வேண்டும்.

இந்தப் பாதையில் நீங்கள் ஒரு பழைய அம்பாசிடரிலோ, பத்மினியிலோ போவதாக வைத்துக்கொள்வோம். பங்குனி வெயில். பதினைந்தாவது வளைவில் வண்டி இரண்டு முறை குலுங்குகிறது. மிதித்தாலும் வேகம் எடுக்க மறுக்கிறது. பிறகு நின்றே போகிறது. ஓட்டுநர் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைக்கிறார். எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏர் லாக் சார், கொஞ்ச நேரம் ஆறட்டும்" என்கிறார். அரைமணி நேரம் கழித்து வண்டி கிளம்பிவிடுகிறது. ஆனால் அடுத்த ஐந்து கிலோமீட்டரில் மறுபடியும் நிற்கிறது!

ஓட்டுநர் சொன்னது சரியா, தவறா? இந்தக் கேள்விக்கு விடை காண நாம் நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கும் மேல் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. ஏனெனில், கார்ப்பரேட்டர் என்னும் அந்தச் சிறு கருவியின் ஒவ்வோர் உறுப்பும், எப்போதோ எங்கோ ஒரு கார் நின்றதற்கு மனிதன் கண்டுபிடித்த பரிகாரம்.

முதல் நெடும்பயணம், முதல் கோளாறு

பெட்ரோல் திரவமாக இருக்கும்வரை எஞ்சினுக்குப் பயன்படாது. அது ஆவியாகி, தக்க அளவு காற்றுடன் கலக்க வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவை. காற்று இதைவிட மிகவும் குறைந்தால் புகை கக்கும்; மிகவும் கூடினால் எரியவே எரியாது. இந்தக் கலவையைத் தயாரித்துத் தரும் சமையற்காரன்தான் கார்ப்பரேட்டர்.

கார்ல் பென்ஸ் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1886-ஆம் ஆண்டில் தமது மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு உரிமைக் காப்பு பெற்றார். அதில் இருந்த கார்ப்பரேட்டர் மிக எளியது. ஒரு பாத்திரத்தில் எரிபொருள். அதன் மேற்பரப்பின் வழியாகக் காற்று செல்லும். செல்லும்போது எழும் ஆவியை வாரிக்கொண்டு போகும். ஈரத்துணியின் மேல் காற்று வீசினால் ஈரம் போவதில்லையா? அதே தத்துவம்தான்.

1888 ஆகஸ்டில் பென்ஸின் மனைவி பெர்த்தா, தம் இரு மகன்களை ஏற்றிக்கொண்டு, மான்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை அந்த வண்டியில் கடந்தார். மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணம் அதுவே. வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த ஊசியால் அதைக் குத்திச் சரிசெய்தார். மின் கம்பி ஒன்றின் உறை தேய்ந்தபோது, காலுறைப் பட்டியைச் சுற்றி மின்காப்பு செய்தார். மேட்டு நிலத்தில் வண்டி ஏற மறுத்தபோது பையன்கள் இறங்கித் தள்ளினார்கள்.

இந்த மூன்றையும் சற்றுக் கவனியுங்கள். முதலாவது எரிபொருள் கோளாறு; இரண்டாவது மின்சாரக் கோளாறு; மூன்றாவது மலையின் வேலை. பிற்காலத்தில் ஏற்காட்டு மலைப்பாதையில் நின்ற கார்களும் பெரும்பாலும் இந்த மூன்று காரணங்களால்தான் நின்றன. "பெட்ரோல் வரவில்லையா, கரண்ட் வரவில்லையா?" என்று நம் ஊர் மெக்கானிக்குகள் முதலில் கேட்கும் கேள்வியும் அன்றே பிறந்துவிட்டது.

குறுகிய கழுத்தின் மர்மம்

ஆவியை வாரிச் செல்லும் முறையில் ஒரு குறை இருந்தது. எரிபொருளில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். கனமான பகுதி மிஞ்சும். வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்றாற்போல் கலவை மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே எரிபொருளை நுண்துளிகளாகத் தெளிப்பதே வழி என்று சிலர் சிந்தித்தனர். 1893-ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், ஹங்கேரியில் டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா ஆகிய இருவரும் தெளிப்பு வகைக் கார்ப்பரேட்டர்களை உருவாக்கினர்.

இதன் அடிப்படைத் தத்துவம் அதற்கு முன்பே தெரிந்திருந்தது. பாய்பொருளின் வேகம் கூடும் இடத்தில் அதன் அழுத்தம் குறைகிறது என்பதை 1738-இல் வெளிவந்த நூலில் டேனியல் பெர்னூலி விளக்கியிருந்தார். குறுகிய கழுத்துள்ள குழாயில் இவ்விளைவை ஆராய்ந்து 1797-இல் எழுதியவர் இத்தாலிய விஞ்ஞானி வெஞ்சுரி. கார்ப்பரேட்டரின் நடுவில் குறுகலாக இருக்கும் பகுதிக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. பிஸ்டன் இழுக்கும் காற்று அந்தக் கழுத்தில் விரைந்து பாய்கிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. பக்கத்து அறையில் உள்ள பெட்ரோல், ஜெட் எனப்படும் நுண்துளை வழியே தானாகவே பீறிட்டு வருகிறது. அந்த அறையில் பெட்ரோல் மட்டம் மாறாமல் காக்க ஒரு மிதவை உண்டு. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் மிதவை வால்வைப் போன்றதுதான்.

ஆனால் ஒரு கழுத்தும் ஒரு துளையும் மட்டும் போதவில்லை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது கழுத்தில் காற்றின் வேகம் குறைவு, பெட்ரோல் வராது, எஞ்சின் நின்றுவிடும். எனவே மெதுவோட்டத்துக்கு என்று தனியாக ஒரு சிறு ஜெட் அமைத்தனர். ஆக்சிலரேட்டரைத் திடீரென்று மிதித்தால் காற்று உடனே பாய்ந்து வரும். கனமான பெட்ரோல் பின்தங்கும். ஒரு கணம் கலவை மெலிந்து எஞ்சின் தயங்கும். இதற்குப் பரிகாரமாக, மிதித்தவுடன் சிறிது பெட்ரோலைப் பீச்சும் ஒரு குட்டிப் பம்பு வைத்தனர். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதற்காகக் காற்றைக் குறைத்துக் கலவையைக் கெட்டியாக்கும் சோக்கு வந்தது.

1910-இல் பிரான்ஸ் நாட்டில் தோன்றிய சோலெக்ஸ், இங்கிலாந்தின் எஸ்.யூ. ஆகிய பெயர்கள் நம் நாட்டுப் பட்டறைகளிலும் நன்கு பழகியவை. எஸ்.யூ. வகை சற்று வேறுபட்டது. அதில் கழுத்தே அகன்றும் குறுகியும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஓர் உலோக உந்து மேலெழுந்து காற்றுக்கு வழி விடும். அது திடீரென எம்பிவிடாமல் இருக்க அதன் மேல் உள்ள குழலில் சிறிது எண்ணெய் ஊற்றி வைப்பார்கள். அந்த எண்ணெய் வற்றிவிட்டால் போதும், மிதிக்கும்போதெல்லாம் வண்டி தயங்கும். பெரிய கோளாறு என்று எண்ணி எஞ்சினையே பிரித்துப் போட்டவர்களும் உண்டு. தேவைப்பட்டதோ சில துளி எண்ணெய்!

நம் நாட்டுக் கார்கள்

விடுதலைக்குப் பின் இந்தியாவில் மூன்று கார்களே பெரும்பாலும் கண்ணில் பட்டன. 1950-களின் இறுதியில் வங்காளத்தின் உத்தரபாராவில் உருவான அம்பாசிடர். 1964 முதல் பம்பாயில் பியட் 1100 டிலைட் என்ற பெயரில் வெளிவந்து, பின்னர் 1970-களில் பிரிமியர் பத்மினி ஆன கார். 1961 முதல் நம் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் செய்த ஹெரால்டு. மூன்றும் ஐரோப்பாவின் சாலைகளை மனத்தில் வைத்து வரையப்பட்டவை. நம் கோடையும் நம் மலைகளும் அவற்றுக்குப் புதியவை. எனவே அவற்றை நம் ஊருக்குப் பழக்கிய பெருமை, பெயர் தெரியாத பல நூறு ஓட்டுநர்களையும் பட்டறைக்காரர்களையும் சேரும்.

மலை என்ன செய்கிறது?

காற்றழுத்தம் சேலத்தில் சராசரியாகச் சுமார் 73.5 செ.மீ. பாதரசம், ஏற்காட்டில் சுமார் 63.5 செ.மீ. மேலே குளிர்ச்சி இருப்பதால் காற்று சற்று அடர்ந்துகொள்ளும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரே கொள்ளளவுள்ள காற்றின் எடை மலைமேல் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே குறைந்துவிடுகிறது. எஞ்சினின் வலுவும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறையும்.

பெட்ரோல் மட்டும் அதே விகிதத்தில் குறைவதில்லை. காற்று 11 விழுக்காடு குறைந்தால், வெஞ்சுரி இழுக்கும் பெட்ரோல் அதில் ஏறக்குறைய பாதியளவுதான் குறையும். ஆகவே ஏற ஏறக் கலவை கெட்டியாகிறது. ஏற்காட்டை அடையும்போது சுமார் 6 விழுக்காடு கெட்டியாகியிருக்கும். நன்கு சரிசெய்த வண்டி இதைப் பொறுத்துக்கொள்ளும். காற்று வடிகட்டியில் தூசி அடைந்து, மிதவை மட்டமும் உயர்ந்து, கீழேயே கெட்டியான கலவையில் ஓடிக்கொண்டிருந்த வண்டிதான் மேலே கறும்புகை கக்கித் திணறும். மலை புதிய நோயைத் தரவில்லை. இருந்த நோயைக் காட்டிக்கொடுத்தது.

மலையின் இரண்டாவது வேலை வெப்பம். ஏற்றத்தில் வண்டி கீழ்க் கியரில் மெதுவாகப் போகிறது, எஞ்சினோ முழு மூச்சுடன் உழைக்கிறது, எதிர்க்காற்று போதவில்லை. பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதிகள் 40 பாகை சென்டிகிரேடை ஒட்டியே கொதிக்கத் தொடங்கிவிடும். அழுத்தம் குறைந்த மலைமேல் இன்னும் முன்னதாகவே. பல பழைய கார்களில் பெட்ரோல் பம்பு எஞ்சினோடு ஒட்டியே இருக்கும். அது பின்னால் உள்ள தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் மேலும் குறைகிறது. சூடான குழாயில் பெட்ரோல் ஆவியாகிவிட்டால், பம்பு அந்த ஆவியையே அமுக்கியும் இழுத்தும் வீணாக உழைக்கும், பெட்ரோல் வராது. நம் ஓட்டுநர்கள் "ஏர் லாக்" என்று சொல்வது இதைத்தான். உண்மையில் இது காற்று அடைப்பன்று, ஆவி அடைப்பு. பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றுவது சரியான பரிகாரமே. துணியின் நீர் ஆவியாகும்போது பம்பின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தானே!

மார்கழியில் இதற்கு நேர்மாறான ஒன்றும் நிகழலாம். பெட்ரோல் ஆவியாகும்போது கார்ப்பரேட்டரின் கழுத்தைக் குளிர வைக்கிறது. மூடுபனி சூழ்ந்த ஈரமான காற்று உள்ளே வந்தால் அந்த ஈரம் உறைந்து, காற்றுத் தடுப்பின் ஓரத்தில் பனிக்கட்டியாகப் படியலாம். வெளியே 10, 12 பாகை இருக்கும்போதே இது நடக்கக்கூடும். விமான ஓட்டிகள் மிகவும் அஞ்சிய கோளாறு இது. எஞ்சின் தளர்ந்து நின்றுவிடும். சில நிமிடங்களில் எஞ்சினின் சூடு பரவிப் பனி உருகிவிடும்; வண்டி கிளம்பிவிடும். மூடியைத் திறந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே தென்படாது.

காத்திருந்தால் எல்லாம் சரியாகுமா?

இப்போது நம் ஓட்டுநரிடம் திரும்புவோம். "ஆறட்டும்" என்றார், ஆறியது, கிளம்பியது. எனவே ஆவி அடைப்புதான் என்று முடிவு கட்டலாமா?

கூடாது. காத்திருந்தால் ஆவி அடைப்பு நீங்கும், பனி உருகும், இவை மட்டுமா? சூடேறினால் செயலிழக்கும் இக்னிஷன் காயிலும் கண்டென்சரும் ஆறியதும் மறுபடி உயிர்பெறும். பெட்ரோல் தொட்டி மூடியிலுள்ள நுண்துளை அடைபட்டிருந்தால், பெட்ரோல் குறையக் குறையத் தொட்டிக்குள் வெற்றிடம் ஏற்பட்டுப் பெட்ரோல் வர மறுக்கும். வண்டி நின்றிருக்கும்போது காற்று மெல்லக் கசிந்து உள்ளே போனதும் பழையபடி வரும். வடிகட்டியில் பாதி அடைப்பு இருந்தாலும், நின்ற நேரத்தில் மிதவை அறை மெல்ல நிரம்பிவிடும். ஐந்து நோய்களுக்கும் ஒரே மருந்து போல் தோன்றுகிறது, காத்திருத்தல். ஆனால் எல்லா நோய்க்கும் கேட்கும் மருந்து எந்த நோயையும் அடையாளம் காட்டுவதில்லை!

ஆகவே, நின்ற வண்டியை அது நின்றிருக்கும்போதே சோதிக்க வேண்டும். கிளம்பிய பின் தடயங்கள் அழிந்துவிடும். மலைப்பாதையில் முதல் வேலை பாதுகாப்பு: ஓரங்கட்டி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, பின்னால் வருபவர்களை எச்சரிக்க வேண்டும். அதன்பின் இவ்வரிசையில் பாருங்கள்.

ஒன்று: எப்படி நின்றது என்று நினைவுகூருங்கள். விளக்கை அணைத்தாற்போல் பட்டென்று நின்றதென்றால் பெரும்பாலும் மின்சாரத்தின் பக்கம். குலுங்கி, தயங்கி, வலுவிழந்து நின்றதென்றால் பெரும்பாலும் பெட்ரோலின் பக்கம்.

இரண்டு: தொட்டி மூடியைத் திறவுங்கள். காற்று உள்ளே இழுபடும் 'உஸ்' ஒலி பலமாகக் கேட்டு, உடனே வண்டி கிளம்பினால் குற்றவாளி அந்த மூடிதான்.

மூன்று: காற்று வடிகட்டியைக் கழற்றி, எஞ்சினை ஓட்டாமல், ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் அசைத்துக் கழுத்தினுள் பாருங்கள். குட்டிப் பம்பு உள்ள கார்ப்பரேட்டரில் பெட்ரோல் மெல்லிய தாரையாகப் பீச்ச வேண்டும். பீச்சினால் மிதவை அறைவரை பெட்ரோல் வந்திருக்கிறது. பீச்சாவிட்டால் அறை காலி, அல்லது அந்தப் பம்பே பழுது. இந்த வேளையில் அருகில் பீடியோ தீக்குச்சியோ கூடாது. கழுத்தில் பெட்ரோலை ஊற்றிக் கிளப்பிப் பார்க்கும் வழக்கமும் வேண்டாம். பலர் அதில் தீப்புண் பட்டிருக்கிறார்கள்.

நான்கு: பெட்ரோல் இருக்கிறதென்றால் மின்பொறியைப் பாருங்கள். காற்று வடிகட்டியைத் திரும்பப் பொருத்திவிட்டு, ஒரு பிளக்கைக் கழற்றி, கார்ப்பரேட்டருக்கு எட்டத்தில், அதன் உடல் எஞ்சின் உலோகத்தில் படும்படி வைத்துச் சுழற்றினால் நீலநிறப் பொறி பளிச்சென வர வேண்டும். மஞ்சளாகவும் மெலிந்தும் வந்தால் பாயிண்ட், கண்டென்சர், காயில் ஆகியவற்றை ஐயுறுங்கள். பாயிண்ட் இடைவெளி பல கார்களில் 0.4 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். அவ்வளவு சிறிய இடைவெளி, தேய்ந்தும் கருகியும் மாறுவதில் வியப்பில்லை.

ஐந்து: வண்டி நிற்காமல் தயங்கி ஓடினால் சோக்கைச் சிறிது இழுத்துப் பாருங்கள். இழுத்ததும் ஓட்டம் சீரானால் கலவை மெலிந்திருக்கிறது. ஜெட்டில் அடைப்பு, எங்கோ காற்றுக் கசிவு, அல்லது பெட்ரோல் வரத்துக் குறைவு. இழுத்ததும் மோசமானால் கலவை முன்பே கெட்டி. பிளக்கின் நுனியும் சாட்சி சொல்லும். கரி படிந்திருந்தால் கெட்டி, வெளுத்திருந்தால் மெலிவு, பால் நிறைய விட்ட காப்பியின் நிறமிருந்தால் நலம்.

இவற்றுள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பிளக்கை மாற்றி, ஜெட்டை ஊதி, பாயிண்டையும் தேய்த்த பின் வண்டி ஓடினால் நீங்கள் அறிந்துகொண்டது ஒன்றுமில்லை. அடுத்த மலையில் மீண்டும் தேட வேண்டியதுதான். ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி கடைப்பிடிக்கும் விதியும் இதுவே.

புதிய காலம், புதிய பெட்ரோல்

1967-இல் ஜெர்மனியின் போஷ் நிறுவனம் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீச்சும் அமைப்பைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. எஞ்சின் இழுக்கும் காற்றின் அழுத்தத்தை ஓர் உணர்கருவி அளந்து, அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். நம் நாட்டிலோ கார்ப்பரேட்டரின் ஆட்சி நெடுங்காலம் நீடித்தது. 1983-இல் வந்த மாருதி 800-இலும் கார்ப்பரேட்டரே இருந்தது. சென்னையின் கார்ப்பரேட்டர்ஸ் லிமிடெட், ஜப்பானின் மிக்குனியுடன் சேர்ந்து 1985-இல் யூகால் நிறுவனத்தைத் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டையொட்டிப் புகைக் கட்டுப்பாடுகள் இறுகியபோதுதான் புதிய கார்களிலிருந்து கார்ப்பரேட்டர் விடைபெற்றது. 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 விதிகள் வந்ததும் புதிய இருசக்கர வண்டிகளிலிருந்தும் போய்விட்டது. அம்பாசிடரின் உற்பத்தியே 2014 மே மாதத்தில் நின்றது.

எனினும் பழைய வண்டிகளைப் பேணுவோர் இன்றும் உள்ளனர். அவர்களுக்கு இப்போது ஒரு புதிய கேள்வி எழுந்துள்ளது. 2025-இல் நம் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் காற்று குறைவாகப் போதும். ஆகவே பழைய ஜெட்டுடன் ஓடும் வண்டியில் கலவை சுமார் 7 விழுக்காடு மெலிந்துவிடும். மலையோ 6 விழுக்காடு கெட்டியாக்குகிறது என்று மேலே கண்டோம். கணக்கின்படி, சேலத்தில் தயங்கும் பழைய கார் ஏற்காட்டில் சற்றுத் தெளிவாக ஓடக்கூடும்! வேடிக்கையாகத் தோன்றினாலும் இது ஒரு பயனுள்ள அடையாளம். கீழே தயக்கம், மேலே நலம் என்றால் மெலிந்த கலவையைத் தேடுங்கள். எத்தனால், பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் ரப்பர்த் தகட்டையும் கெடுக்கக்கூடும்; நீரையும் ஈர்க்கும். எனவே அவற்றை மாற்றாமல் மலையேறுவது அறிவுடைமை ஆகாது.

செம்மநத்தம் போகும் வழியில் நின்ற நம் காருக்கு என்ன கோளாறு? ஐந்தில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். ஓட்டுநர் சொன்ன ஆவி அடைப்பும் பொய்யென்று சொல்வதற்கில்லை. ஆனால் அவர் நின்ற இடத்திலேயே தொட்டி மூடியைத் திறந்து, கழுத்தினுள் பார்த்து, பொறியையும் சோதித்திருந்தால், அரைமணி நேரக் காத்திருப்புக்குப் பதில் ஐந்து நிமிடத்தில் விடை தெரிந்திருக்கும். அடுத்த ஐந்து கிலோமீட்டரில் மறுபடி நின்றிருக்கவும் வேண்டியதில்லை. பெர்த்தா பென்ஸ் தொப்பி ஊசியை எடுத்தபோது, குழாய் அடைத்திருக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டுதான் எடுத்தார். நீங்களும் திருகாணியைக் கையில் எடுக்கும் முன், எங்கே அடைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.